வீட்டு விலையும் வகுப்பறையும்: அமெரிக்காவில் கல்வி, வறுமை, இன நீதி – வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவில் பொதுப்பள்ளிகளில் கட்டணம் கிடையாது. ஒரே மாநிலம், ஒரே பாடத்திட்டம். அப்படியிருக்க, கறுப்பினப் பிள்ளைகளும் லத்தீன் பிள்ளைகளும் படிக்கும் பள்ளிகள் மட்டும் ஏன் இவ்வளவு நலிந்து கிடக்கின்றன?

பிள்ளை கட்டணம் கட்டுவதில்லை, சரி. பள்ளியை நடத்தும் காசு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நாடு முழுவதற்குமான சராசரியில் மாநில அரசின் பங்கு பாதிக்குச் சற்றுக் குறைவு. உள்ளூர்ப் பங்கும் ஏறத்தாழ அதே அளவுதான். மத்திய அரசு தருவது வழக்கமான ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். உள்ளூர்ப் பங்கில் பெரும்பகுதி சொத்து வரி. இந்த வரியை வசூலித்துச் செலவழிப்பது ‘பள்ளி மாவட்டம்’ என்ற தனி அமைப்பு. அதற்கென்று தனி எல்லை, தனி வாரியம், தனி வரி விகிதம் எல்லாம் உண்டு. எல்லைக்குள் இருக்கும் வீடுகளின் விலைதான் பள்ளியின் வருமானத்தைத் தீர்மானிக்கிறது.

டெக்சஸின் சான் அன்டோனியோ நகரில் 1967-68 கல்வியாண்டின் கணக்கைப் பார்த்தால் இது பளிச்சென்று விளங்கும். எட்ஜ்வுட் மாவட்டத்தில் மாணவர்களில் சுமார் 90 சதவீதம் மெக்சிகோ வம்சாவளியினர். அங்கே ஒரு மாணவருக்கு இருந்த வரி மதிப்பீட்டுச் சொத்து 5,960 டாலர். அதே நகர்ப்பகுதியில் உள்ள அலமோ ஹைட்ஸ் மாவட்டத்தில் பெரும்பாலும் வெள்ளையர். அங்கே 49,000 டாலருக்கும் மேல். எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அந்த நகர்ப்பகுதியிலேயே அதுதான் மிக அதிகம். அலமோ ஹைட்ஸில் 85 சென்ட் மட்டுமே. மாநிலத் திட்டத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கு போக எட்ஜ்வுட்டுக்கு மிஞ்சியது மாணவருக்கு 26 டாலர், அலமோ ஹைட்ஸுக்கு 333 டாலர். மாநில, மத்திய உதவிகளையெல்லாம் சேர்த்த பிறகும் 356-க்கு 594 என்றுதான் நின்றது.

அதிக விகிதத்தில் வரி கட்டியவருக்குக் குறைந்த பள்ளி! “இன்னும் கூட்டிக் கட்டலாமே” என்று யாராவது கேட்டால் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அலமோ ஹைட்ஸ் 85 சென்ட்டில் திரட்டும் தொகையை எட்ஜ்வுட் திரட்ட, 100 டாலருக்குக் கிட்டத்தட்ட 7 டாலர் வரி போட வேண்டும். மாநிலச் சட்டம் அனுமதித்த உச்சவரம்பு 1.50.

கேள்வி: 1954-லேயே உச்ச நீதிமன்றம் இனப் பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டதே. இதை ஏன் சரிசெய்யவில்லை?

1954-ன் பிரவுன் தீர்ப்பு, சட்டம் போட்டுப் பிள்ளைகளை இனவாரியாகப் பிரிப்பதைத் தடுத்தது. எல்லைக்கோட்டையும் வரிக்கோட்டையும் அது தொடவில்லை. எட்ஜ்வுட் பெற்றோர் தொடுத்த வழக்கில், 1973-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் மாநிலத்தின் பக்கம் நின்றது. கல்வி என்பது அமெரிக்க அரசியல் சட்டம் உறுதிசெய்யும் அடிப்படை உரிமை அல்ல, சொத்து வரியில் ஏற்றத்தாழ்வு இருப்பது மட்டுமே சட்டமீறல் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டே, 1974-ல், டெட்ராய்ட் பற்றிய மில்லிக்கன் வழக்கு. நகரத்தையும் 53 புறநகர் மாவட்டங்களையும் சேர்த்துப் பிள்ளைகளைக் கலக்கும் திட்டத்தை நீதிமன்றம் நிராகரித்தது, அதுவும் 5-க்கு 4.

என் பார்வையில் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதல் தீர்ப்பு பணம் எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை என்றது. இரண்டாவது, பிள்ளைகளும் தாண்ட வேண்டியதில்லை என்றது. வசதியுள்ள வெள்ளைக் குடும்பம் புறநகருக்குக் குடிபெயர்ந்தால் போதும், பிரவுன் தீர்ப்பு அதன் வாசல்வரை வராது.

பிறகு வழக்குகள் மாநில நீதிமன்றங்களுக்குப் போயின. மாநில அரசியல் சட்டங்களில் கல்வி பற்றி வெளிப்படையான வாசகம் இருப்பதால் அங்கே பிடி கிடைத்தது. கென்டக்கி நீதிமன்றம் 1989-ல் மாநிலத்தின் முழுப் பள்ளி அமைப்பையுமே செல்லாது என்றது. டெக்சஸிலும் அதே ஆண்டு தீர்ப்பு வந்தது. அதன் தொடர்ச்சியாக 1993 முதல் பணக்கார மாவட்டங்களின் வரியில் ஒரு பகுதியை மாநிலம் எடுத்துப் பகிர்கிறது. நியூ ஜெர்சியில் அபாட் வழக்கு 1998-ல் ஏழை நகர மாவட்டங்களில் 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு முன்பள்ளி நடத்த வேண்டும் என்ற உத்தரவுவரை போனது.

கேள்வி: கறுப்பினத்தவர் வாழும் பகுதியில் வீட்டு விலை குறைவு என்பது சந்தையின் போக்கு இல்லையா? அரசின் கொள்கைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. 1930-களின் பிற்பாதியில் மத்திய அரசின் வீட்டுக் கடன் நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு ‘அபாய’ வரைபடம் தயாரித்தது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நான்கு தரம். கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதி பெரும்பாலும் சிவப்பு, அதாவது கடன் கொடுக்க மிக அபாயமானது. அந்த வரைபடம் எந்த அளவுக்குப் பயன்பட்டது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே வாதம் உண்டு. என்னைக் கேட்டால் பெரிய பங்கு 1934-ல் தொடங்கிய கூட்டரசு வீட்டு நிர்வாகத்துடையது. வங்கி கொடுக்கும் வீட்டுக் கடனுக்கு அரசு காப்பீடு தரும் அமைப்பு அது. கறுப்பினத்தவர் குடியேறினால் பகுதியின் மதிப்பு சரியும் என்று அதன் கையேட்டிலேயே எழுதி வைத்திருந்தார்கள். காப்பீடு இல்லையென்றால் குறைந்த முன்பணத்தில் நீண்டகாலக் கடன் கிடையாது. வீட்டுப் பாகுபாடு சட்டவிரோதம் ஆனது 1968-ல்தான். அதற்குள் வெள்ளையர்களில் ஒரு தலைமுறையே புறநகர்களில் வீடு வாங்கி முடித்திருந்தது.

அந்த வீடுதான் பின்னாளில் கல்லூரிக் கட்டணமாகவும் பிள்ளையின் முதல் வீட்டுக்கு முன்பணமாகவும் மாறுகிறது. மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில் வெள்ளைக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் சொத்து) சுமார் 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்துடையது சுமார் 44,900. வருமான இடைவெளி இதில் பாதிகூட இல்லை. வருமானத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்குப் பிரச்சினை சின்னதாகத் தெரிவது இதனால்தான்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று, வரி மதிப்பீடு. மலிவு வீடுகளைச் சந்தை விலையைவிட உயர்த்தியும் விலையுயர்ந்த வீடுகளைக் குறைத்தும் மதிப்பிடும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. விற்பனை விலை 1,00,000 உள்ள வீட்டை 1,20,000 என்றும், 5,00,000 உள்ளதை 4,50,000 என்றும் மதிப்பிட்டு இரண்டுக்கும் 2 சதவீதம் வரி போட்டால், முதல் வீட்டுக்காரர் 2,400 கட்டுகிறார், அதாவது உண்மை விலையில் 2.4 சதவீதம். இரண்டாமவர் கட்டுவது 9,000, அது 1.8 சதவீதம்தான். நாடு தழுவிய ஓர் ஆய்வு, அதே பொதுச் சேவைகளுக்குக் கறுப்பின, லத்தீன் குடும்பங்கள் 10 முதல் 13 சதவீதம் கூடுதல் வரிச் சுமை தாங்குவதாகக் கண்டது.

இதற்கு முறையீடு செய்யலாம். மதிப்பீட்டு அலுவலகத்தில் வீட்டின் பதிவு அட்டையை வாங்கிச் சதுர அடி, அறைகளின் எண்ணிக்கை, குளியலறை எல்லாம் சரியா என்று முதலில் பாருங்கள். இல்லாத குளியலறைக்கு ஆண்டுக்கணக்கில் வரி கட்டுவது அபூர்வமல்ல. அடுத்து, அருகில் அண்மையில் விற்ற, அதே அளவுள்ள மூன்று வீடுகளின் விலையை இணையுங்கள். பக்கத்து வீட்டின் மதிப்பீட்டை மட்டும் காட்டினால் எடுபடாமல் போகலாம், விற்பனை விலைக்குத்தான் வலு. மதிப்பீட்டு அறிவிப்பு வந்த நாளிலிருந்து பல இடங்களில் முப்பது நாள்தான் அவகாசம். முறையிடுகிறவர்களில் வசதி படைத்தவர்களே அதிகம் என்பதால், அவர்களுக்கு இறங்கும் வரி மற்றவர் தலையில் ஏறுகிறது.

கேள்வி: ஏழைப் பள்ளிகளுக்குப் பணத்தைக் கொட்டினாலும் பயனில்லை என்று ஒரு கட்டுரையில் படித்தேன். உண்மையா?

அந்த வாதத்துக்கு வேர் 1966-ன் கோல்மன் அறிக்கை. பிள்ளைகளின் தேர்ச்சியில் பள்ளி வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிக்கே கூடுதல் பங்கு என்றது அது. அடுத்து எல்லோரும் காட்டும் உதாரணம் மிசூரி மாநிலத்தின் கேன்சஸ் சிட்டி. 1980-களிலும் 90-களிலும் நீதிமன்ற உத்தரவின்படி அங்கே ஏராளமாகச் செலவானது, ஒலிம்பிக் அளவு நீச்சல் குளம் உட்பட. தேர்ச்சி எதிர்பார்த்தபடி உயரவில்லை. ஆனால் அந்தப் பணம் எதற்குப் போனது? புறநகர் வெள்ளைப் பிள்ளைகளை நகரப் பள்ளிக்கு ஈர்க்கும் கட்டடங்களுக்கும் வசதிகளுக்கும். மில்லிக்கன் தீர்ப்பால் புறநகர்களைக் கட்டாயப்படுத்த முடியாததால், ஆசை காட்டிப் பார்த்தார்கள். அந்தக் குறிக்கோளும் நிறைவேறவில்லை.

பிற்கால ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. நீதிமன்ற உத்தரவால் நிதி உயர்ந்த மாவட்டங்களின் பிள்ளைகளை வளர்ந்த பிறகும் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. பன்னிரண்டு ஆண்டுகளும் மாணவருக்கான செலவு 10 சதவீதம் கூடுதலாக இருந்தால், பெரியவர்களான பின் ஊதியம் சுமார் 7 சதவீதம் உயர்கிறது, வறுமையில் இருக்கும் வாய்ப்பு 3.2 சதவீதப் புள்ளி குறைகிறது. ஏழைக் குடும்பப் பிள்ளைகளிடம் விளைவு இன்னும் பெரிது. ‘பன்னிரண்டு ஆண்டுகளும்’ என்பதைக் கவனியுங்கள். மூன்றாண்டு மானியம் வரும், பயிற்சியாளர்களை நியமிப்பார்கள், மானியம் முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். இப்படிச் செய்தால் பலன் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பணம் வழியில் கசிவதும் உண்டு. கலிபோர்னியாவின் 2013 நிதிச் சூத்திரம் நல்ல உதாரணம். வறிய குடும்பத்துப் பிள்ளை, ஆங்கிலம் கற்கும் பிள்ளை, வளர்ப்பு இல்லப் பிள்ளை ஆகியோருக்கு அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடுதல். ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் வரும் பிள்ளையை ஒருமுறைதான் எண்ணுவார்கள். அப்படிப்பட்டவர்கள் மாவட்ட மாணவர்களில் 55 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு இன்னொரு தொகை. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஆண்டு முடிவில் செலவாகாத கூடுதல் தொகை, மறு ஆண்டு பொதுக் கணக்கில் கலந்துவிடலாம் என்று ஓர் ஓட்டை இருந்தது. ஏழைப் பிள்ளை பெயரில் வந்த பணம் பொதுப் பணமாகிவிடும்! மாநிலத் தணிக்கையாளர் 2019-ல் இதைச் சுட்டிக்காட்டினார், 2021-ல் ஓட்டை அடைபட்டது.

கேள்வி: எங்கள் பேத்தியின் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச உணவு தருகிறார்கள். அப்படியும் வருமானப் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுக்கச் சொல்கிறார்கள். எதற்கு?

தயவுசெய்து நிரப்பிக் கொடுங்கள். அது சாப்பாட்டுக்கான படிவம் அல்ல, பள்ளியின் நிதிக்கானது. முன்பு வறுமைக்கோட்டின் 130 சதவீதத்துக்குள் வருமானம் இருந்தால் இலவச உணவு, 185 வரை சலுகை விலை. அந்தப் படிவங்களை எண்ணித்தான் ‘இந்தப் பள்ளியில் இத்தனை ஏழைப் பிள்ளைகள்’ என்று கணக்கெடுத்தார்கள். பின்னர், உணவு உதவி போன்ற திட்டங்களின் பட்டியல் மூலம் நேரடியாக அடையாளம் காணப்படும் பிள்ளைகள் 40 சதவீதம் இருந்தால், படிவமே இல்லாமல் பள்ளி முழுவதற்கும் இலவச உணவு கொடுக்கலாம் என்றார்கள். 2023-ல் அந்த வரம்பு 25 ஆகக் குறைந்தது. பசிக்கு இது நல்ல முடிவு. ஆனால் படிவம் போனதும் கணக்கும் போய்விட்டது. உதவித் திட்டங்களில் பெயர் இல்லாத ஏழைகள், குறிப்பாக உதவி கேட்கவே அஞ்சும் குடியேறிய குடும்பங்கள், எண்ணிக்கையில் விழுவதில்லை. அதனால் சில மாநிலங்கள் நிதிக்காக மட்டும் மாற்றுப் படிவம் வைத்திருக்கின்றன. ஒரு படிவம் விடுபட்டால் பள்ளிக்கு ஒரு பிள்ளைக்கான கூடுதல் தொகை நட்டம்.

கேள்வி: எவ்வளவு பேசினாலும், நன்றாகப் படித்தால் வறுமை தானாக ஒழியும். கல்வியை மட்டும் கவனித்தால் போதாதா?

போதாது. கல்வி ஏணிதான், மறுக்கவில்லை. ஆனால் 1935-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் 1938-ன் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் விவசாயத் தொழிலாளர்களையும் வீட்டு வேலை செய்பவர்களையும் விட்டுவிட்டன. தெற்கு மாநிலங்களில் கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பகுதி அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தது. சட்டத்தில் இனம் என்ற சொல்லே கிடையாது, தேவையும் இருக்கவில்லை. பிறகு 1966 திருத்தம் குறைந்தபட்ச ஊதியத்தை விவசாயம், உணவகம், மருத்துவமனை போன்ற துறைகளுக்கு நீட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையிலான ஊதிய இடைவெளி குறைந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இந்தத் திருத்தத்தால் என்று பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தத் தொழிலாளர்கள் யாரும் மறுபடி பள்ளிக்குப் போகவில்லை.

இன்றைய உதாரணம் பிள்ளைகளுக்கான வரிச் சலுகை. 2021-ல் ஒரே ஓர் ஆண்டுக்கு, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 3,600 டாலர், அதற்கு மேல் 17 வரை 3,000 டாலர். வருமானமே இல்லாத குடும்பத்துக்கும் முழுத்தொகை. அரசு உதவிகளையும் வருமானமாகச் சேர்த்துக் கணக்கிடும் துணை வறுமை அளவுகோலின்படி குழந்தை வறுமை அந்த ஆண்டு 5.2 சதவீதமாக இறங்கியது. திட்டம் காலாவதியான 2022-ல் 12.4. பெற்றோர் சோம்பேறியானதால் ஒரே ஆண்டில் இரு மடங்கு ஆனது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்போதைய விதி 2025-ல் திருத்தப்பட்டது. பிள்ளைக்கு 2,200 டாலர் வரை உண்டு. ஆனால் வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்குச் சம்பாத்தியத்தில் 2,500 போக மீதியில் 15 சதவீதம்தான் திரும்ப வரும். இரண்டு பிள்ளைகளோடு ஆண்டுக்கு 12,500 டாலர் சம்பாதிக்கும் தாய்க்கு 10,000-ல் 15 சதவீதம், அதாவது 1,500. இருவருக்கும் சேர்த்து! 4,00,000 டாலர் வருமானமுள்ள தம்பதிக்கு 4,400. குறைந்த ஊதிய வேலைகளில் கறுப்பின, லத்தீன் பெற்றோர் அதிகம் இருப்பதால் முழுத்தொகை கிடைக்காத பிள்ளைகளிலும் அவர்களே அதிகம்.

படிப்பு முடிந்த பிறகும் வாசல் ஒரே அளவில் திறப்பதில்லை. பாஸ்டனிலும் சிகாகோவிலும் ஒரே மாதிரி விண்ணப்பங்களில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். 2004-ல் வெளியான அந்த ஆய்வில், வெள்ளையர் பெயருக்குப் பதில் அழைப்பு 50 சதவீதம் கூடுதலாக வந்தது.

கேள்வி: 2023-ல் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. இனி ஏழைக் கறுப்பின மாணவருக்கு என்ன வழி?

அந்தத் தீர்ப்பு பாதித்தது முக்கியமாகக் கடும் போட்டியுள்ள கல்லூரிகளை. பெரும்பான்மை மாணவர்கள் படிப்பது வேறு இடங்களில், அங்கே தடை சேர்க்கை விதி அல்ல, காசு. ஏழை மாணவருக்கு மத்திய அரசு தரும், திருப்பிக் கட்டத் தேவையில்லாத பெல் மானியம் 2025-26-ல் அதிகபட்சம் 7,395 டாலர். இதற்கு நிரப்ப வேண்டிய மத்திய உதவி விண்ணப்பத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். மாணவருக்கும் பெற்றோருக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும், ஒரே மின்னஞ்சலில் இரண்டும் திறக்க முடியாது. பெற்றோர் பிரிந்திருந்தால், கடந்த பன்னிரண்டு மாதத்தில் கூடுதல் பண ஆதரவு கொடுத்தவரின் விவரமே தேவை. குடியிருக்கும் சொந்த வீட்டையும் ஓய்வூதியச் சேமிப்பையும் சொத்துப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. பயத்தில் சேர்த்துவிடுகிறவர்கள் உதவியை இழக்க நேரலாம். சரிபார்ப்புக்குத் தேர்வானதாக ஒரு கடிதம் வந்தால் அது மறுப்பு அல்ல. கேட்ட ஆவணத்தை அனுப்பினால் போதும். அதைக் கண்டு கைவிட்டுவிடுகிற ஏழை மாணவர்கள் உண்டு.

இன்னொரு பொறி: பருவத்தில் 60 சதவீதம் முடிவதற்குள் மாணவர் விலகினால், பெற்ற மத்திய உதவியில் ஒரு பகுதி திரும்பப் போக வேண்டும். கல்லூரி தன் பங்கைக் கட்டிவிட்டு மாணவர் பெயரில் பாக்கி எழுதும். சில நூறு டாலர் பாக்கிக்காக அடுத்த பருவப் பதிவு தடைபடும். வேலையோ வீட்டுச் சிக்கலோ குறுக்கிட்டால், விலகும் முன் நிதி உதவி அலுவலகத்தில் தேதியைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: நான் இருக்கும் மாவட்டத்தில் பள்ளி நிதி நியாயமாகப் பிரிகிறதா என்று சாதாரணப் பெற்றோர் எப்படிக் கண்டுபிடிப்பது?

2015-ன் கல்விச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளியும் ஒரு மாணவருக்குச் செலவழிக்கும் தொகையை மாநில அறிக்கை அட்டையில் தனித்தனியாக வெளியிட வேண்டும். மாநில, உள்ளூர்ப் பணம் ஒரு பத்தியிலும் மத்தியப் பணம் இன்னொரு பத்தியிலும் இருக்கும். முதல் பத்தியை மட்டும் ஒப்பிடுங்கள். மத்தியப் பணம் ஏழைப் பள்ளிக்கு மேலதிகமாகச் சேர வேண்டியது, உள்ளூர்ப் பணத்தின் இடத்தை நிரப்ப அல்ல. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். ஒரே மாவட்டத்தில் வேறுபாடு தெரிந்தால் பெரும்பாலும் காரணம் ஆசிரியர் சம்பளம். அனுபவசாலிகள் வசதியான பள்ளிக்கு மாறிப் போவார்கள், புதியவர்கள் ஏழைப் பள்ளிக்கு வருவார்கள். வரவுசெலவுத் திட்டத்தில் ‘ஆசிரியர் 30 பேர்’ என்று இரண்டு பள்ளிக்கும் ஒரே எண் எழுதியிருக்கும். சம்பளத் தொகை லட்சக்கணக்கில் வேறுபடும். ஆகவே ஆள் கணக்கைக் கேட்காமல் டாலர் கணக்கையே கேளுங்கள். கட்டடம் கட்டக் கடன்பத்திரம் விற்றுத் திரட்டும் பணம் தனி, அதை ஆசிரியர் சம்பளத்துக்குச் செலவிட முடியாது. “புதிய அரங்கம் கட்டினோமே” என்ற பதில் உங்கள் கேள்விக்கான பதில் அல்ல. பொது விசாரணைக் கூட்டம் வரவுசெலவு நிறைவேறுவதற்கு முன் நடக்கும், பெரும்பாலும் வசந்த காலத்திலோ கோடைத் தொடக்கத்திலோ. அன்றைக்குப் போனால் பெரும்பாலும் எண்கள் முடிவாகியிருக்கும். இரண்டு மாதம் முன்பே வாரிய உறுப்பினருக்கு எழுத்தில் கேட்டு, எந்தப் பள்ளி, எந்த ஆண்டு, எந்தப் பத்தி என்று குறிப்பிட்டுவிடுங்கள்.